நோயாளியின் தம்ளர்

கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்பது நம் வீடுகளில் பாட்டிமார் விதித்த சட்டம். அந்தச் சட்டத்தை ஒருவர் மீறியதால் உலகத்தில் ஒரு பெரிய வியாபாரமே பிறந்தது என்று சொன்னால் பாட்டிமார் நம்பமாட்டார்கள். ஆயினும் அது உண்மை.

1879-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை. அங்கே ஐரா ரெம்ஸன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிச்சாலையில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்னும் ரசாயன நிபுணர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்துக்கொண்டு பரிசோதனைகள் செய்துவந்தார். ஒரு நாள் மாலை கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி தித்தித்தது. விரலை நக்கிப் பார்த்தார், அதுவும் தித்தித்தது. ஆராய்ச்சிச்சாலைக்குத் திரும்பி ஓடி, மேஜைமேல் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக ருசி பார்த்தார். அவருக்கு ஆயுள் கெட்டி. விஷம் எதிலும் வாய் வைக்கவில்லை. அப்படி அகப்பட்டதுதான் சாக்ரின். சர்க்கரையைவிட ஏறக்குறைய 300 மடங்கு தித்திப்பு. ஆனால் உடம்புக்கு அதனால் எந்தச் சத்தும் இல்லை. வந்த வழியே போகும் விருந்தாளியைப்போல, மாறாமலே வெளியேறிவிடும்.

இந்தச் சத்தில்லாத குணந்தான் பின்னால் நடந்த கதை முழுவதற்கும் ஆதாரம்.

முதலில் அது ஒரு குற்றமாகக் கருதப்பட்டது. அமெரிக்க சர்க்காரின் தலைமை ரசாயன நிபுணர் ஹார்வி வைலி, சாக்ரினை உணவில் சேர்ப்பது ஜனங்களை ஏமாற்றுவது என்று வாதாடினார். ஆனால் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அவருடைய வைத்தியரே தினமும் சாக்ரின் கொடுத்துவந்தார். அதைக் கெடுதல் என்பவன் முட்டாள் என்று ரூஸ்வெல்ட் சீறி விழுந்ததாக வைலியே பிற்காலத்தில் எழுதினார். கடைசியில் 1912-இல் சாதாரண உணவுகளில் சாக்ரின் விலக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? சர்க்கரை சத்துள்ள ஆகாரம். அதை எடுத்துவிட்டுச் சத்தில்லாததைப் போட்டால் உணவின் தரம் குறைந்துவிடும் என்பதுதான். நோயாளிகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார்கள்.

நாற்பது ஆண்டுகள் சென்றன. 1952-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சோடா வியாபாரி ஹைமன் கிர்ஷ் ஒரு புதிய பானத்தைக் கொண்டுவந்தார். நாட்பட்ட வியாதிக்காரர்களுக்கான யூத ஆஸ்பத்திரி ஒன்றின் நிர்வாகத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அங்கிருந்த நீரிழிவு நோயாளிகள் மற்றவர்களைப்போல ஒரு சோடா குடிக்க ஆசைப்படமாட்டார்களா? அவர்களுக்காகவே சைக்ளமேட் என்ற பொருளைக் கலந்து அவர் செய்த பானத்துக்கு ‘நோ-கால்’ என்று பெயர் வைத்தார். சத்தில்லை என்பதே பெயராகிவிட்டது! 1912-இல் எது குற்றமோ, அதுவே 1952-இல் விளம்பரம் ஆயிற்று. பொருள் மாறவில்லை, பசித்திருந்த காலம் போய், இடுப்பின் சுற்றளவை அளக்கிற காலம் வந்திருந்தது. நோய் நொடி இல்லாதவர்களும் மெலிய விரும்பி அதை வாங்கத் தொடங்கினார்கள். 1963-இல் கோகோ-கோலா கம்பெனி ‘டாப்’ என்ற பானத்துடன் களத்தில் இறங்கியது. நோயாளியின் தம்ளர் ஆரோக்கியசாலியின் கைக்கு வந்துவிட்டது.

சைக்ளமேட்டும் இப்படி அகப்பட்டதுதான். 1937-இல் இல்லினாய் சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்வேடா என்பவர் மேஜைமேல் வைத்திருந்த சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தபோது தித்தித்தது. 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பவர் காகிதம் எடுக்க விரலை நக்கியபோது அஸ்பார்ட்டேம் கிடைத்தது.

இனி எலிகள் பிரவேசிக்கின்றன. எந்த அளவிலாவது, மனிதனுக்கோ மிருகத்துக்கோ புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்த பொருளை உணவில் சேர்க்க அனுமதிக்கக் கூடாது என்று 1958-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. சைக்ளமேட்டும் சாக்ரினும் கலந்து ஏராளமாக ஊட்டப்பட்ட எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. 1969-இல் சைக்ளமேட் விலக்கப்பட்டது. 1977-இல், கனடாவில் நடந்த எலிப் பரிசோதனைக்குப் பின், சாக்ரினுக்கும் அதே கதி வர இருந்தது. மிஞ்சியிருந்த ஒரே தித்திப்பும் போகிறதே என்று ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். நீரிழிவுக்காரர்களின் கடிதங்கள் காங்கிரஸ் சபையில் குவிந்தன. சபை பணிந்தது; தடை வரவில்லை. பாக்கெட்டின்மேல் எச்சரிக்கை வாசகம் மட்டும் வந்தது. கட்டி உண்டாவதற்குக் காரணம் எலியின் சிறுநீருக்கே உரிய தன்மை, மனிதருக்கு அது பொருந்தாது என்று பின்னர் தெளிந்து, 2000-இல் அந்த வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். நடுவே 1983-இல் அஸ்பார்ட்டேம் பானங்களில் சேர அனுமதி பெற்று முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இத்தனையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் சிநேகிதர் ஒருவர். பல வருஷங்களாக நீரிழிவுக்காரர். “இந்த டயட் சோடா விஷமா, சொல்லுங்கள்” என்று ஒரு நாள் கேட்டார். பக்கத்தில் அவருடைய பதினாறு வயது மகள், திடகாத்திரமான பெண், அதே பானத்தை வைத்துக்கொண்டு, “விஷம் இல்லையென்றால் நல்லதுதானே, மாமா?” என்றாள்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. விஷம் அல்ல. 2023-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், அஸ்பார்ட்டேம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகத்துக்குரியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் அதே சமயம் அளவை ஆராய்ந்த நிபுணர் குழு, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட வேண்டுமானால் ஒரே நாளில் ஒன்பது டப்பாவுக்குமேல் குடிக்க வேண்டும். பினைல் கீட்டோனூரியா என்ற அபூர்வமான பிறவி நோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமைத் தொடவே கூடாது.

மகளின் கேள்விதான் கடினம். சர்க்கரைப் பானத்தை விட்டு இதற்கு மாறியவர்களுக்குச் சில மாதங்களில் எடை கொஞ்சம் குறைவதைப் பரிசோதனைகள் காட்டுகின்றன. ஆனால் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சிகளில், இதை அதிகம் குடிப்பவர்களிடம் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகவே காணப்பட்டன. பானம் நோயைக் கொண்டுவந்ததா, நோய்க்கு அஞ்சியவர்கள் பானத்தைத் தேடினார்களா என்ற சிக்கல் இன்னும் அவிழவில்லை. கோலா பானங்களில் உள்ள அமிலமோ, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். எடையைக் கட்டுப்படுத்த இந்தத் தித்திப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதத்தில் யோசனை கூறியது. அந்த யோசனையிலிருந்து ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை மட்டும் விலக்கிவைத்தது.

1912-இலும் நோயாளிக்கு விதிவிலக்கு. 2023-இலும் நோயாளிக்கு விதிவிலக்கு! இதைத்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “உன் அப்பாவுக்கு இது இழந்த ஒன்றுக்கு ஈடு, அம்மா. நீ எதையும் இழக்கவில்லையே!”

அவள் சற்று யோசித்தாள். பிறகு தம்ளரை அப்பாவின் பக்கம் நகர்த்திவிட்டு, உள்ளே போய்ப் பானைத் தண்ணீர் மொண்டு குடித்தாள்.