இன்னாருடைய மனைவி

ஓட்டு வந்துவிட்டால் சமூகம் முன்னேறிவிடுமா? இந்தக் கேள்வியை யார் கேட்டாலும், எனக்கு 28 லட்சம் பெண்களின் ஞாபகந்தான் வரும்.

1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் ஜாபிதா தயாரிக்கப் போனவர்களிடம், வடநாட்டில் அநேக ஸ்திரீகள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாயார்’ என்றே எழுதச் சொன்னார்கள். நம் பாட்டிமார் புருஷன் பெயரைச் சொல்லத்தான் கூசினார்கள். அங்கே சொந்தப் பெயருக்கே கூச்சம்!

தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் இசையவில்லை. பெயர் இல்லையேல் ஓட்டும் இல்லை என்றார். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். கூச்சல் எழுந்தது. அதுவும் நல்லதற்கே, அடுத்த தேர்தலுக்குள் இந்த வழக்கம் ஒழியும் என்று கருதினார் அவர்.

பொழுது உடனே விடிந்துவிடவில்லை. 1962ல் ஆண்களில் நூற்றுக்கு 63 பேர் ஓட்டளித்தார்கள்; பெண்களில் 47 பேர்தான். இருவரும் சமமாக வந்து நின்றது 2019ல். சொத்து விஷயமும் அப்படித்தான். 1956ம் வருஷச் சட்டம் இந்துப் பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனோடு சம உரிமை நாடு முழுவதற்கும் கிடைக்க 2005 ஆயிற்று.

ஆகவே, ஓட்டுச் சீட்டு தானாக நிலம் வாங்கித் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ‘இன்னாருடைய மனைவி’க்குப் பட்டா எழுத முடியுமா, சொல்லுங்கள். முதலில் பெயர் வேண்டும். அதைக் கேட்டு வாசலில் வந்து நின்றது ஓட்டுத்தான்.