வழித்துணையும் அறப்பயணமும்: பெங்களூரு மோட்டார் சைக்கிள் குழுக்கள் வளர்த்த ஒரு மரபு

ஒரு நோயைப் பற்றிய விழிப்புணர்வுக்காகவோ, மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ நிதி திரட்டுவதற்காகவோ மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் பலர் கூடி, முன்னரே வகுத்த வழியில் அணிவகுத்துச் செல்லும் பயணத்தை இக்கட்டுரை அறப்பயணம் எனக் குறிப்பிடுகிறது. இன்றைய பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலைகளில் இத்தகைய பயணங்கள் புறப்படுவது பழகிப்போன காட்சியாகும். இது மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த வழக்கம் என்ற கருத்து பரவலாக உண்டு. வடிவத்தைப் பொறுத்தவரை அக்கருத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் அந்த வடிவத்தை இந்நகரம் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டதற்கான காரணத்தை அறிய வேண்டுமானால், மைசூரு மாநிலத்தின் தொழில் வரலாற்றையும், வண்டி வைத்திருந்தோர் பற்றாக்குறைக் காலத்தில் ஒருவருக்கொருவர் துணைநின்ற பழக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தம்முள் உதவிக்கொண்ட கூட்டம் பிறருக்கு உதவும் கூட்டமாக விரிந்ததே இவ்வரலாற்றின் சாரம்.

தொழிற்சாலைகளும் வண்டிகளும்

1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைக் குடியிருப்பு, தமிழரும் கன்னடரும் ‘தண்டு’ என்று அழைத்த பகுதி, பெங்களூரை ஒரு பேட்டை நகரத்திலிருந்து இரட்டை நகரமாக மாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரம் மீண்டும் உருமாறியது. 1940இல் விமானத் தொழிற்சாலையும், விடுதலைக்குப் பின் தொலைபேசி, எந்திரக் கருவி, மின்னணுக் கருவி ஆகியவற்றை உற்பத்தி செய்த நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனங்களும் அங்கு நிறுவப்பட்டதால், எந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த, மாதச் சம்பளம் பெறும் ஒரு பெரிய தொழிலாளர் வகுப்பு உருவாயிற்று. முதலில் சைக்கிளிலும் பேருந்திலும் வேலைக்குச் சென்ற அவ்வகுப்பினரில் வசதி பெற்றவர்கள், 1960களுக்குப் பின் மெல்ல மோட்டார் சைக்கிளுக்கு மாறினர்.

அக்காலத்தில் தேர்ந்தெடுப்பதற்கு அதிக வண்டிகள் இல்லை. உற்பத்தியின் அளவைக்கூட அரசு உரிமத்தால் வரையறுத்த பொருளாதாரத்தில், புல்லட், ராஜ்தூத், ஜாவா என்ற மூன்று பெயர்களே சாலையில் முதன்மை பெற்றிருந்தன. புல்லட், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய முயற்சியின் விளைவாகச் சென்னை திருவொற்றியூரில் உருவானது. ஜாவாவோ கர்நாடகத்தின் சொந்த வண்டி போலவே கருதப்பட்டது. செக் நாட்டில் 1929இல் தோன்றிய அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று, பார்சி சமூகத்தைச் சேர்ந்த ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் ஐடியல் ஜாவா என்ற தொழிற்சாலையை மைசூரு யாதவகிரியில் நிறுவினர். அம்முயற்சிக்கு மைசூரு மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையாரின் ஆதரவு இருந்தது. 1961 முதல் அங்கிருந்து வெளிவந்த வண்டிகள் 1973க்குப் பின் யெஸ்டி என்ற பெயரைப் பெற்றன. உதைத்து இயக்கும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் பயன்படும் அமைப்பும், இருபுறமும் நீண்ட இரு புகைபோக்கிக் குழாய்களும், இரட்டை வீச்சு எஞ்சினுக்கே உரிய ஓசையும் அவ்வண்டிக்குத் தனி அடையாளம் தந்தன.

உதிரிபாகம் தேடிய காலம்

1980களில் ஜப்பானியக் கூட்டு நிறுவனங்கள் கொணர்ந்த 100 சிசி வண்டிகள் குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடியதால் பழைய வண்டிகளின் சந்தை சுருங்கத் தொடங்கியது. புகை வெளியேற்றம் குறித்த விதிகளும் இறுக, மைசூருத் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. ஆனால் வண்டிகள் சாலையிலிருந்து மறையவில்லை. தந்தையின் வண்டியை மகன் ஓட்டும் நிலை ஏற்பட்டபோது, புதிய உதிரிபாகம் செய்ய எவரும் இல்லாத வண்டியை உயிரோடு வைத்திருப்பது ஒரு கூட்டு முயற்சியாக மாறியது. ஜே.சி. சாலையின் வாகன உறுப்புக் கடைகளும், சிவாஜிநகரின் குஜிரிச் சந்தையும் (குஜிரி என்பது பழைய இரும்பும் கழற்றிய உறுப்புகளும் விற்கும் இடம்), தமிழும் உருதும் கன்னடமும் கலந்து பேசும் மெக்கானிக்குகளின் பட்டறைகளும் அம்முயற்சியின் களங்களாயின. ஒருவரிடம் மிகுந்திருந்த கார்புரேட்டர் மற்றொருவரின் வண்டியை ஓடவைத்தது. எந்தப் பட்டறையில் எந்த மேஸ்திரிக்கு எந்த எஞ்சின் அத்துப்படி என்ற செய்தி வாய்வழியாகப் பரவியது.

இத்தகைய உறவிலிருந்தே குழுக்கள் முறையான வடிவம் பெற்றன. ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கெனப் பெங்களூரில் ஒரு சங்கம் உருவாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு உலக ஜாவா நாளாகக் கொண்டாடப்படும்போது, அந்நகரில் பழைய வண்டிகள் பெருந்திரளாகக் கூடுகின்றன. புல்லட் ஓட்டுநர்களும் தமக்கெனக் குழுக்களை அமைத்தனர். இவ்விரு வகைக் குழுக்களிலும் எழுதப்படாத விதி ஒன்று நிலவியது: வழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால், அது புறப்படும் வரை மற்றவரும் நிற்க வேண்டும். அடிக்கடி பழுதாகும் வண்டிகளை வைத்திருந்தோருக்கு இவ்விதி ஒரு பண்பாடாக மட்டுமன்றித் தேவையாகவும் இருந்தது. ஏனெனில் இன்று நின்று உதவியவர் நாளை அதே உதவியை எதிர்பார்க்கும் நிலையில் இருப்பார்.

பிறநாட்டு வடிவம்

மோட்டார் சைக்கிள் பயணத்தை அறச்செயலுடன் இணைத்த முறை அமெரிக்காவில் விரிவாக வளர்ந்தது. 1947இல் கலிபோர்னியாவின் ஹோலிஸ்டர் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஏற்பட்ட குழப்பம் இதழ்களில் பெரிதுபடுத்தப்பட்டதால், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் என்றாலே முரடர் என்ற எண்ணம் அந்நாட்டில் ஊன்றியது. அதன் பின்னணியிலேயே, ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மைகளைச் சுமந்து செல்லும் பயணங்களும், 1984இல் அட்லாண்டாவில் தொடங்கிய, மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான நிதிப் பயணமும் புரிந்துகொள்ளத்தக்கவை. பயணம் செய்பவர் தம் உறவினரிடமும் நண்பரிடமும் நன்கொடை உறுதி பெற்று, அத்தொகையை ஓர் அமைப்பிடம் சேர்ப்பது இவற்றின் முறை. நடைப்பயணத்திலும் ஓட்டத்திலும் முன்பே வழங்கிவந்த இம்முறை எந்திர வாகனத்துக்கும் மாற்றப்பட்டது.

இவ்வகையில் உலகளவில் மிகப் பரவியது, 2012இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மார்க் ஹாவா தொடங்கிய ‘டிஸ்டிங்குவிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு’ ஆகும். கோட்டும் டையும் அணிந்து பழம்பாணி வண்டி ஓட்டுவது அதன் அடையாளம். ஓட்டுநர் பற்றிய தீய எண்ணத்தைப் போக்குவது அதன் தொடக்க நோக்கம். முதல் ஆண்டிலேயே 64 நகரங்களில் 2,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அடுத்த ஆண்டு முதல், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் குறித்த ஆய்வுக்கு நிதி திரட்டப்பட்டது. பின்னர் ஆண்களின் மனநலமும் நோக்கமாகச் சேர்க்கப்பட்டு, 2003இல் மெல்போர்னில் தோன்றிய மோவெம்பர் என்ற அறநிறுவனம் பங்காளியாயிற்று. இன்று ஒரே ஞாயிறன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் நடைபெறும் இப்பயணத்தில் பெங்களூரும் இடம்பெறுகிறது. பழம்பாணி வண்டிகளே இதில் முதன்மை பெறுவதால், குஜிரிச் சந்தையின் உறுப்புகளால் காப்பாற்றப்பட்ட ஜாவாவும் புல்லட்டும் இந்நகரில் புதிய மதிப்பைப் பெற்றன. வெளிநாட்டு வடிவமும் உள்ளூர்ப் பாதுகாப்பு மரபும் சந்தித்த இடம் இதுவே.

பெங்களூரில் கூடிய காரணங்கள்

இச்சந்திப்பை மேலும் மூன்று காரணங்கள் வலுப்படுத்தின. முதலாவது, பொருளாதார மாற்றம். 1990களுக்குப் பின் மின்னணு நகரிலும் வைட்ஃபீல்டிலும் பெருகிய மென்பொருள் நிறுவனங்கள், வார இறுதி ஓய்வும் செலவிடத்தக்க வருவாயும் கொண்ட இளைஞர் கூட்டத்தை உருவாக்கின. இரண்டாவது, சாலைகள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்க நாற்கரத் திட்டத்தின் கீழ் சென்னை, புனே வழிகள் அகலமானதால், ஓசூர், கிருஷ்ணகிரி கடந்து ஏலகிரி வரை சென்று ஒரே நாளில் திரும்புவது எளிதாயிற்று; நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தி மலையும், ராமநகரம் வழியான மைசூருச் சாலையும் அதிகாலைப் பயணங்களுக்கு உரியனவாயின. விடியுமுன் புறப்பட்டு, வழியில் இட்லியோ தட்டே இட்லியோ உண்டு, வெயில் ஏறுமுன் திரும்பும் இப்பயணத்தை ஓட்டுநர்கள் ‘பிரேக்ஃபாஸ்ட் ரைடு’ என்கின்றனர். அறப்பயணங்கள் பலவற்றுக்கு இதுவே கால அளவும் வழியும் தந்தது.

மூன்றாவது, நிதி திரட்டும் பழக்கம். 2008இல் பெங்களூரில் தொடங்கிய உலக 10 கி.மீ. ஓட்டம், ஓடுபவர் தமக்கு விருப்பமான தொண்டு நிறுவனத்துக்காக அறிந்தவரிடம் நன்கொடை கேட்கும் முறையை நடுத்தர வகுப்பினரிடையே பரப்பியது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்பனையோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 135ஆம் பிரிவில் விதித்தபின், இத்தகைய நிகழ்ச்சிகளை ஆதரிக்கும் ஆர்வம் நிறுவனங்களிடையே வளர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, பொதுநோக்கத்துக்காகக் கூட்டமாகப் பயணம் செய்யும் மரபு இந்நாட்டில் ஆழமாக இருந்தது. வினோபா பாவே 1951இல் தொடங்கிய பூதான நடைப்பயணமும், 1985இன் இறுதியில் பாபா ஆம்தே நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சைக்கிளில் அழைத்துக்கொண்டு கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் நோக்கி நடத்திய பயணமும் அதற்குச் சான்றுகள். சிவராத்திரியை ஒட்டிப் பெங்களூரிலிருந்து தர்மஸ்தலத்துக்கு நடந்து செல்வோருக்கு வழிநெடுக உணவும் மோரும் அளிக்கப்படுவது இன்றும் தொடர்கிறது. தண்ணீர்ப் பந்தல் மரபில், பயணம் செய்வோர் பெறுவோராகவும் வழியிலிருப்போர் கொடுப்போராகவும் உள்ளனர். அறப்பயணம் அவ்வுறவைத் திருப்பி அமைத்தது. இதில் பயணம் செய்வோரே கொடுப்போர். 2018 ஆகஸ்டில் குடகும் கேரளமும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சிக்கியபோது, நிவாரணப் பொருள் சேகரித்துக் கொண்டுசென்றோரில் மோட்டார் சைக்கிள் குழுவினரும் இருந்தனர் என்பது இம்மாற்றத்தின் இயல்பான விளைவு.

பெண்களின் பங்கும் இக்காலத்தில் விரிந்தது. 2011இல் தோன்றிய ‘பைக்கர்னி’ என்ற அனைத்திந்தியப் பெண் ஓட்டுநர் அமைப்பும், பெண்களுக்குப் பெண்களே புல்லட் ஓட்டப் பயிற்றுவித்த பெங்களூரின் ‘ஹாப் ஆன் கேர்ள்ஸ்’ குழுவும், ஆண்களுக்கு மட்டும் உரியதாக எண்ணப்பட்ட இக்கூட்டத்தின் எல்லையை மாற்றின.

அணிவகுப்பின் ஒழுங்கு

அறப்பயணத்தின் நடைமுறை கவனத்துக்குரியது. ஏனெனில் பல வண்டிகள் ஒன்றாகச் செல்வது இயல்பிலேயே இடர் நிறைந்தது. புறப்படுமுன் உரிமமும் காப்பீடும் தலைக்கவசமும் சரிபார்க்கப்பட்டு, வழியும் வேகமும் விளக்கப்படுகின்றன. வழி அறிந்த ஒருவர் ‘லீட்’ என்ற பெயரில் முன்னே செல்ல, ‘மார்ஷல்’ எனப்படுவோர் சந்திப்புகளில் அணியைக் கவனிக்க, அனுபவம் மிக்க ஒருவர் ‘ஸ்வீப்’ என்ற பொறுப்பேற்றுக் கடைசியில் வருகிறார். ஒரு வண்டி தடத்தின் இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாகச் சற்றுப் பின்தள்ளிச் செல்வதால், திடீரென நிறுத்த நேர்ந்தால் விலகுவதற்கு இடம் கிடைக்கிறது. பழுதாகி நிற்பவருடன் நிற்பதும், அவரைப் பட்டறையிலோ பாதுகாப்பான இடத்திலோ சேர்ப்பதும் கடைசி வண்டியின் கடமை. பழைய ஜாவா, புல்லட் குழுக்களின் எழுதப்படாத விதி இங்கே ஒரு பதவியாகவே நிலைபெற்றிருக்கிறது.

சட்டமும் இவ்வொழுங்கை வலியுறுத்துகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 189ஆம் பிரிவு அனுமதியின்றிப் பொதுச்சாலையில் வேகப் போட்டி நடத்துவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. பின்னால் அமர்வோருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்ற விதியைக் கர்நாடக அரசு 2016 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிய, அதில் பெரும்பங்கு இருசக்கர வாகனங்களாக உள்ள நகரில், இவ்விதிகளை மீறிப் பேரிரைச்சலுடன் செல்லும் ஊர்வலம் எந்த நோக்கத்தை அறிவித்தாலும் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற இயலாது.

கணக்கும் பொறுப்பும்

அறப்பயணத்தின் மீது வைக்கப்படும் வினாக்களில் முதன்மையானது, பயணத்துக்குச் செலவாகும் எரிபொருளின் விலையை நேரடியாகக் கொடுத்துவிட்டால் என்ன என்பதாகும். அது நேர்மையான வினா. கூடிச் செல்வதால் மட்டுமே கிடைக்கும் பயன் ஏதேனும் இருந்தாலன்றி அதற்கு விடையில்லை. ஆண்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் புற்றுநோயையும் மனச்சோர்வையும் அவர்களே கூடும் இடத்தில் பேசவைப்பது அத்தகைய பயன். பெங்களூருக்கு இது மேலும் பொருந்தும். ஏனெனில் 1973இல் நிறுவப்பட்ட கித்வாய் புற்றுநோய் நிறுவனமும், 1974இல் இன்றைய வடிவம் பெற்ற நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் இந்நகரிலேயே இயங்குகின்றன. மருத்துவம் அருகில் இருந்தும் அங்கே செல்லத் தயங்குவோரின் தயக்கத்தை, அறிந்த நண்பரின் சொல் போக்கும் அளவுக்கு விளம்பரப் பலகை போக்குவதில்லை.

அப்பயனை அளக்க வழியும் வேண்டும். திரட்டிய தொகை எவ்வளவு, நிகழ்ச்சிக்குச் செலவானது எவ்வளவு, எந்த நிறுவனத்திடம் எந்நாளில் சேர்க்கப்பட்டது என்ற கணக்கைப் பங்கேற்றோர் அனைவருக்கும் அறிவிக்கும் குழுவே அறப்பயணம் என்ற பெயருக்கு உரியது. விழிப்புணர்வை மட்டும் நோக்கமாக அறிவித்துக் கலைந்துவிடும் பயணம், எத்தனை வண்டிகள் வந்தன என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாமே தவிர, எவருக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல இயலாது.

உதிரிபாகமும் நேரமும் அறிவும் பகிர்ந்துகொண்ட பழைய குழுக்களுக்கு உதவியின் பயன் உடனே கண்கூடாகத் தெரிந்தது. நின்ற வண்டி ஓடியது. உதவி பெறுவோர் முகமறியாதவராக இருக்கும் இன்றைய பயணத்தில் அத்தெளிவைக் கணக்கின் வழியாகவும், தொடர்ந்த தொடர்பின் வழியாகவும் மட்டுமே பெற முடியும். அதைச் செய்யும் குழுக்கள் பெங்களூரின் மோட்டார் சைக்கிள் மரபில் மிகச் சிறந்ததைத் தொடர்கின்றன. செய்யாதவை அதன் உடையையும் ஓசையையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றன.