அல்கலைன் பாஸ்பட்டேஸ்

அல்கலைன் பாஸ்பட்டேஸ் (சுருக்கமாக ஏ.எல்.பி.) என்பது கரிமச் சேர்மங்களிலிருந்து பாஸ்பேட் தொகுதியைப் பிரிக்கும் ஒரு நொதியாகும். பி.எச். 9 முதல் 10 வரையிலான காரநிலையில் சிறப்பாகச் செயற்படுவதால் இப்பெயர் பெற்றது. துத்தநாகமும் மக்னீசியமும் இதன் செயற்பாட்டிற்கு இன்றியமையாதவை. கல்லீரல், எலும்பு, சிறுநீரகம், குடல், நஞ்சுக்கொடி ஆகியவற்றில் இது காணப்படுகிறது. எனவே இரத்தத்தில் இதன் அளவு உயர்ந்திருந்தால், அது எவ்வுறுப்பிலிருந்து வந்தது என்பதே முதலில் எழும் வினாவாகும்.

வரலாறு

எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிவதற்கு இந்நொதி துணைபுரியலாம் என்னும் கருத்தை இலண்டனில் பணியாற்றிய ராபர்ட் ராபிசன் 1923இல் வெளியிட்டார். எலும்பு நோயாளிகளின் இரத்தத்தில் இது மிகுந்திருப்பதை எச். டி. கே 1930இலும், பித்தநாள அடைப்பால் வரும் மஞ்சள் காமாலையில் இது உயர்வதை டபிள்யூ. எம். ராபர்ட்ஸ் 1933இலும் எடுத்துக்காட்டினர்.

அளவிடுதல்

நிறமற்ற பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்னும் சேர்மத்தை இந்நொதி பிளக்கும்போது மஞ்சள் நிறம் தோன்றும். அந்நிறம் கூடும் வேகம் 405 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுகிறது. வயது வந்தோரில் இயல்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 40 முதல் 130 அலகுகள். இது ஆய்வகத்திற்கு ஆய்வகம் மாறுபடும். பழைய பாடநூல்களில் இயல்பளவு 3 முதல் 13 எனக் காணப்படும். அது 1934இல் அறிமுகமான கிங்-ஆம்ஸ்ட்ராங் அலகு. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பக்கூடாது.

கல்லீரல் நோய்களில்

பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொள்ளும்போது ஏ.எல்.பி. பன்மடங்கு உயரும். வெளியேற வழியின்றித் தேங்குவதே காரணம் என முன்பு கருதப்பட்டது. உண்மையில், தேங்கிய பித்த உப்புகளின் தூண்டுதலால் கல்லீரல் செல்கள் இந்நொதியைப் புதிதாக உருவாக்குகின்றன. இதற்குக் காலம் தேவைப்படுவதால், அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணிநேரங்களில் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். வைரசு கல்லீரல் அழற்சியில் பொதுவாகச் சிறிதளவே உயரும்.

எலும்பு நோய்களில்

எலும்பை உருவாக்கும் செல்களே இந்நொதியைச் சுரக்கின்றன. எலும்பை அரிக்கும் செல்கள் அல்ல. ஆகவே பேஜட் நோய், ரிக்கெட்ஸ், வயது வந்தோருக்கு வரும் எலும்பு மென்மை நோய் ஆகியவற்றில் அளவு உயர்கிறது. எலும்பைத் துளைத்துச் சிதைக்கும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோயில், ஆக்கும் செல்கள் ஒடுங்கிவிடுவதால் பெரும்பாலும் உயர்வதில்லை.

வளரும் பருவத்தினருக்கு வயது வந்தோரைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது இயல்பே. பதின்ம வயது மாணவரின் அறிக்கையைப் பெரியவர்களுக்கான எல்லையோடு ஒப்பிட்டுக் கல்லீரல் நோய் என அஞ்சுவது தவறு. கருவுற்ற பெண்களுக்கும் இறுதி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் நொதியால் அளவு உயரும்.

மூலத்தைக் கண்டறிதல்

ஜி.ஜி.டி. என்னும் மற்றொரு நொதியையும் உடன் அளப்பது எளிய வழி. அது எலும்பு நோயில் உயர்வதில்லை. இரண்டும் உயர்ந்திருந்தால் கல்லீரலையும், ஏ.எல்.பி. மட்டும் உயர்ந்திருந்தால் எலும்பையும் ஐயுறலாம். எனினும் மதுவும், வலிப்புக்குத் தரப்படும் பெனிட்டாயினும் ஜி.ஜி.டி.யைத் தாமே உயர்த்தும். முற்காலத்தில் சீரத்தை 56 பாகை செல்சியசில் சூடாக்கிப் பார்த்தனர். எலும்பு வகை விரைவில் செயலிழக்கும், கல்லீரல் வகை சற்றுத் தாங்கும், நஞ்சுக்கொடி வகையோ 65 பாகையிலும் நிலைக்கும்.

குறைந்த அளவு

இ.டி.டி.ஏ. கலந்த குழாயில் இரத்தம் எடுத்தால், அது துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்வதால் அளவு பொய்யாகக் குறையும். மறுசோதனையிலும் குறைவாகவே இருந்தால் ஹைப்போபாஸ்பட்டேசியா என்னும் அரிய மரபுநோயை எண்ணிப்பார்க்க வேண்டும். ஐந்து வயதிற்கு முன்பே பால்பற்கள் வேருடன் விழுதல் இதன் அறிகுறி. இதற்கான நொதி மருந்தான அஸ்போட்டேஸ் ஆல்பா 2015இல் ஒப்புதல் பெற்றது. அறிக்கையில் உயர்வை மட்டுமே தேடும் பழக்கத்தால் இந்நோய் தவறவிடப்படுவதுண்டு. அவ்வாறு தவறவிட்டு, எலும்புப்புரை எனக் கருதி பிஸ்பாஸ்போனேட் மருந்து கொடுத்தால் தொடையெலும்பு முறியும் வாய்ப்பு கூடலாம்.