ஈரத்துண்டும் பிரஷர் கேஜும்

எங்க ஃபியட் (பிரீமியர் பத்மினிதான், அப்பாவுக்கு அது கடைசிவரை ஃபியட்!) காவலூர் மலைப்பாதையில் நின்னுபோன கதை வீட்டுல இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. 1980களின் கடைசி. 1986-ல் அங்கே திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கணும்னு ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினோம். பாதி ஏத்தத்துல எஞ்சின் ரெண்டு இருமல் இருமி அடங்கிடுச்சு. நான் சக்கரத்துக்குக் கல் வெச்சேன். அப்பா பானெட்டைத் திறந்து, துண்டை நனைச்சு பெட்ரோல் பம்ப் மேல போர்த்தினார். கால் மணி நேரத்துல வண்டி கிளம்பிச்சு. எனக்கு அது மந்திரம்!

விஷயம் இதுதான். அந்தக் கால பம்ப் எஞ்சினிலேயே ஒட்டிக்கிட்டிருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே டயாஃபிரம் அசைஞ்சு, பின்னாடி டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். கார்ப்பரேட்டருக்குப் போற அழுத்தம் நாலு பி.எஸ்.ஐ. இருந்தா அதிகம் (டயருக்கு முப்பது அடிக்கிறோமே, அதே கணக்கு). மலையில சின்ன கியர், மெதுவான வேகம், காத்து இல்லை. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாயிடும். ஆவியை அந்த பம்ப்பால் தள்ள முடியாது. இதுக்குப் பேர் வேப்பர் லாக். அழுத்தத்தைச் சோதிக்க மெக்கானிக்குகள் பெரும்பாலும் கேஜ் தேடமாட்டாங்க. ஹோஸைக் கழட்டி பாட்டில்ல விட்டு, எஞ்சினைச் சுத்தவிட்டு, பீச்சுதா சொட்டுதான்னு பார்ப்பாங்க. கொஞ்சம் பொறி பட்டா அவ்வளவுதான்... நீங்க முயற்சி பண்ணாதீங்க.

1967-லேயே ஃபோக்ஸ்வாகன் காரில் பாஷ் கம்பெனியோட எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. நம்ம ஊர்ல சாதாரண கார்களுக்கு அது பரவினது 2000-ல் புகைக் கட்டுப்பாடு விதிகள் வந்த சமயத்தில்தான். பம்ப் டேங்குக்குள்ளே போச்சு. உறிஞ்சறதுக்குப் பதிலா தள்ளுது, அதுவும் நாற்பது பி.எஸ்.ஐ. பக்கம். அழுத்தம் கூடினா கொதிக்கிற சூடும் கூடும். ஈரத்துண்டுக்கு வேலை போச்சு. ஆனா பாட்டிலை வெச்சுப் பார்க்கிற வேலையும் போச்சு. இப்போ பீச்சினா மட்டும் போதாது, எவ்வளவுன்னு தெரியணும்.

2011-ல் எனக்கே அது தேவைப்பட்டது. பழசா வாங்கின இன்ஜெக்‌ஷன் கார், அதே ஏத்தத்துல இழுக்கலை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக், காயில்னு வரிசையா மாத்தினாங்க. காசு போனதுதான் மிச்சம். அப்புறம் ஆலங்காயம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் கேஜ் மாட்டினார். நின்ன இடத்துல முப்பத்தாறு காட்டிச்சு.

“சரியாத்தானே இருக்கு அண்ணே?”ன்னேன்.

“சும்மா நிக்கும்போது எல்லாம் சரியாத்தான் சார் இருக்கும். மலையேத்திப் பாப்போம்.”

நீள ஹோஸ் போட்டு, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் அடிச்சு ஒட்டிக் கிளம்பினோம். ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க முள் இருபதுக்கு இறங்கிச்சு. ஃபில்டர் அடைப்பு! எஞ்சின் அதிகமா கேட்கும்போது பெட்ரோல் வழிவிடலை.

ஃபில்டர் மாத்தின அடுத்த வாரம் அப்பாவையும் ஏத்திக்கிட்டு ஜமுனாமரத்தூர் வரை போனேன். கொண்டை ஊசி வளைவு வந்ததும் பின்சீட்டிலிருந்து கேட்டார்:

“டிக்கியில துண்டு இருக்காடா?”