இன்மையால் இடப்பட்ட பெயர்: கருவற்ற உயிர்களின் வகைப்பாடு பற்றி ஒரு குறிப்பு

நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஈரலிப்பான மலைப்பிரதேசங்களில் ‘நீலப்பச்சைப் பாசி’ எனப்படுவது தாவரமன்று. கலத்தினுள் கரு இல்லாத பற்றீரியாவே அது. பெயர்கள் எவ்வாறு வழிதவறச் செய்யும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கருவற்ற எளிய உயிர்களுக்கு 1866இல் ‘மொனேரா’ எனும் வகையை அமைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல். 1881-82இல் இலங்கைக்கு வந்த அவர் நுவரெலியா வரை பயணஞ்செய்தார். கோப்பி வீழ்ந்து தேயிலை தலையெடுத்த காலமது. மனிதரையும் உயர்வு தாழ்வெனப் படிவரிசையில் நிறுத்தியவர் அவரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1962இல் ஸ்ரேனியரும் வான் நீலும் கருவுறையின்மை முதலிய பண்புகளைக்கொண்டு பற்றீரியாவை வரையறுத்தனர். ஆயின் இன்மை உறவைக் காட்டாது. 1977இல் கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும் றைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டபோது, ஒரே வகையில் அடக்கப்பட்டவை இருவேறு மரபுகளென வெளிப்பட்டது. மீதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிய இரண்டாம் மரபு 1990இல் ‘ஆர்க்கியா’ எனப் பெயர்பெற்றது. பற்றீரியாவைவிடக் கருவுள்ள கலங்களுக்கே அது நெருங்கியது.

மனிதரை நுண்ணுயிர்களோடு ஒப்பிடுவது ஹெக்கலின் தவறை மீளச்செய்வதாகும். ஒப்பிடத்தக்கது வகுப்போரின் முறையே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் ‘நாடற்றவர்’ ஆயினர். இல்லாததைக்கொண்டு இடப்பட்ட அப்பெயர், இத்தோட்டங்களை உருவாக்கிய உழைப்பின் வரலாற்றை மறைத்தது. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. வூஸ் புதிய உயிரெதனையும் படைக்கவில்லை; இருந்தவற்றின் வரலாற்றை வாசித்தார். சமூக ஆய்வாளர் கடமையும் அதுவே.