படியளந்தவர்

நீதிமன்றத்தில் வக்கீல் குரலைத் தாழ்த்தி ‘மை லார்டு’ என்கிறார். தெருச் சண்டையில் ஒருவர் ‘நீ என்ன பெரிய லார்டு லபக்குதாஸா?’ என்று எகிறுகிறார். 2006இல் இந்திய பார் கவுன்சில் ‘மை லார்டு’ என்ற விளிப்பு வேண்டாம் என்று சொல்லியும் வக்கீல்களின் வாயைவிட்டு அது போகவில்லை. இத்தனை அதிகாரம் தொனிக்கும் ‘லார்டு’ என்ற இந்தச் சொல் பிறந்த இடம் அடுப்படி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. ‘வெயார்ட்’ என்றால் காவலர். இரண்டும் சேர்ந்தால் ரொட்டியைக் காப்பவர். தானியத்தைக் காத்து, அண்டியிருப்போருக்குப் படியளப்பவர் என்று நம் ஊரில் சொல்வோமே, அவரேதான். அவரிடம் சாப்பிட்டவருக்கும் ஒரு பெயர் இருந்தது: ‘ஹ்லாஃபேட்டா’, ரொட்டி உண்பவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் அரசர் எத்தல்பெர்ட் வகுத்த சட்டத்திலேயே இந்தப் பெயர் வருகிறது. ஒரு குடியானவனின் ரொட்டி உண்பவரைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு. செஞ்சோற்றுக்கடன் என்பதன் கனம் தெரிந்த நமக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

பேசிப் பேசிச் சொல் தேய்ந்தது. முதலில் ‘வெயார்ட்’ சுருங்கி ‘ஹ்லாஃபோர்ட்’ ஆனது. பிறகு முன்னால் இருந்த மூச்சொலி உதிர்ந்து ‘லவர்ட்’. கடைசியில் நடுவிலிருந்த வகரமும் கரைந்து லார்டு. ரொட்டி முழுதும் மறைந்துவிட்டது. 1066இல் நார்மன்கள் வந்த பிறகு ‘பாரன்’, ‘ட்யூக்’ என்று பிரெஞ்சுப் பட்டங்கள் வந்துசேர்ந்தும் லார்டு அசையவில்லை. ஆண்டவருக்கும் அதுவே பெயராயிற்று.

என் மனதுக்கு நெருக்கமானது அதன் துணைச்சொல்தான். ‘லேடி’ என்பது ‘ஹ்லாஃப்டியே’, ரொட்டிக்கு மாவு பிசைபவள். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, திருப்பி மறுபடி அழுத்தும் அந்தக் கை, விரலிடுக்கில் காய்ந்த மாவு, எல்லாம் அந்தப் பட்டத்துக்குள் இருக்கின்றன. பிசைபவளைக் குறித்த இன்னொரு உறவுச்சொல் வேலைக்காரப் பெண்ணுக்கும், பின்னர் பால் கறப்பவளுக்கும் பெயராகி, ‘டெய்ரி’யில் வந்து நின்றது. பிசைந்தவள் உண்மையில் யார் என்பதை இந்த இரண்டாவது சொல்தான் மறக்காமல் வைத்திருப்பதாக எனக்குப் படுகிறது.

பிசைதலைக் குறிக்கும் வேர் இன்னும் பழையது. அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘தேஹ’மும் வந்தது, பூசி, பிசைந்து உருவாக்கியது என்ற பொருளில் உடம்புக்கு ஆன பெயர். கடிதத்தின் முதல் வரியில் ‘தேக சௌக்கியம் எப்படி?’ என்று நம் தாத்தாக்கள் விசாரித்த தேகம் அதுதான்.