குப்பைக்குப் போக இருந்த நெகட்டிவ்கள்

வீடு மாற்றும்போது பழைய பீரோவில் ஒரு கவர் நிறைய நெகட்டிவ் கிடைத்தது. "போட்டோதான் ஆல்பத்துல இருக்கே, இது எதுக்கும்மா?" என்று தூக்கிப் போடப் போனேன். அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். அம்மா செய்தது சரிதான் என்று லயனல் வென்ட் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. பி.காம். மாணவன் எழுதும் வரலாறு, பொறுத்தருள்க!

வென்ட் 1900-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா பறங்கியர், நீதிபதி. அம்மா சிங்களவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பியவர், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1930களில் தீவிரமாகக் கேமராவைப் பிடித்தார்.

அதுவரை இலங்கைப் படம் என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரர் ஸ்டூடியோக்கள் விற்ற போஸ்ட்கார்டுதான். தேயிலைத் தோட்டம், நிற்க வைத்து எடுத்த 'உள்ளூர் ஆட்கள்'... வென்ட் எடுத்ததும் அதே கடற்கரை, அதே மீனவர், அதே கண்டி நடனக்காரர்கள்தான். ஆனால் பார்வை வேறு. டெவலப் செய்யும்போது நடுவில் வெளிச்சம் காட்டி, உருவத்தின் விளிம்பில் கோடு விழவைக்கும் சோலரைசேஷன், பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் போட்டோமாண்டாஜ் என்று பாரிஸில் மேன் ரே போன்றவர்கள் செய்ததெல்லாம் கொழும்பு இருட்டறையிலும் நடந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை உழைப்பாளியின் உடம்பை அழகு பார்த்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் படங்களில் இருப்பவர்கள் காட்சிப் பொருளாக நிற்கவில்லை.

1943-ல் ஜார்ஜ் கீட், ஐவன் பெரிஸ் போன்ற ஓவியர்கள் வென்ட் வீட்டில் கூடி '43 குழு'வைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் பிரேசிலின் சாவோ பாலோவிலும் ஒரு அமெச்சூர் கேமரா கிளப் இதே வேலையைச் செய்தது. அங்கே ஜெரால்டோ டி பாரோஸ் என்ற பேங்க் ஊழியர் நெகட்டிவ் மேலேயே கீறிப் படம் செய்தார். (காமர்ஸ்காரர்களே, நமக்கும் நம்பிக்கை உண்டு!)

இலங்கை சுதந்திரம் அடைந்தது 1948-ல். வென்ட் அதைப் பார்க்கவில்லை. 1944 டிசம்பரில், 44 வயதில் இறந்துவிட்டார். கொடி மாறும் முன்பே தன் ஊரைத் தன் கண்ணால் பார்க்கப் பழகிவிட்ட மனிதர் அவர். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியது பிரிண்ட்கள்தான். நண்பர்கள் அவற்றை வைத்து 1950-ல் புத்தகம் போட்டார்கள். 1953-ல் அவர் பெயரில் அரங்கமும் வந்தது. ஆனால் அவர் பிரிண்ட் போடாமல் விட்ட படங்களை இனி யாராலும் பார்க்க முடியாது.

அம்மாவின் கவர் இப்போது என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டு பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.